‘ஆடம்பரம்’ என்னும் ஒரே சாட்டை

தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயார்படுத்தும் பயிற்சித் தாள்களில் ஒத்தகருத்துச் சொற்களுக்கென்று ஒரு பகுதி இருக்கும். ‘ஆடம்பரம்’ என்ற சொல்லுக்கு எதிரே பகட்டு, படாடோபம், டாம்பீகம் என்று எழுதிப் பாடமாக்கக் கொடுக்கிறோம். பத்து வயதுப் பிள்ளைக்கு அது போதும். அந்தப் பிள்ளை வளர்ந்து, சஞ்சிகைகளில் கதையும் கவிதையும் எழுதத் தொடங்கிய பிறகும் இந்தச் சொற்கள் யாவும் ஒன்றே என்று நம்பிக்கொண்டிருந்தால், அந்தக் குறை மொழியோடு மட்டும் நின்றுவிடாது. ஊரில் யாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது, யாரைத் தப்பவிடுவது என்பதையும் அது தீர்மானிக்கத் தொடங்கிவிடும்.

ஈழத்து முஸ்லிம்களின் தமிழ் எழுத்தில் ஆடம்பரத்தைக் கண்டிப்பது நீண்ட காலமாக நடந்து வருகிறது. கல்யாண வீடு, புது வீடு, பெருநாள் உடுப்பு, வெளிநாட்டுச் சாமான் என்று எதுவும் எமது பேனாவுக்குத் தப்பியதில்லை. கண்டிக்க வேண்டியதைக் கண்டிப்பதில் தவறில்லை. ஆனால் எல்லாவற்றையும் ‘ஆடம்பரம்’ என்ற ஒரே சாட்டையால் அடிக்கிறோம். அந்தச் சாட்டை பல இடங்களில் அடிபடக் கூடாதவர் முதுகில் விழுகிறது. அடிபட வேண்டியவர் பக்கத்தில் நின்று எம்மோடு சேர்ந்து தலையாட்டுகிறார். இக்கட்டுரை அதைப் பற்றியது.

முதலில் சொற்களைப் பார்ப்போம். ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்களை ஓரிடத்தில் திரட்டி வைப்பது தமிழில் நிகண்டுகளின் காலத்திலிருந்தே உள்ள பழக்கம். செய்யுள் எழுதுவோருக்குத் தேவையான சொல்லை எடுத்துக் கொடுக்கும் பெட்டகமாக அவை பயன்பட்டன. ஆயினும் ஒரு பெட்டகத்தில் கிடப்பதால் மட்டும் இரண்டு சொற்கள் ஒன்றாகிவிடமாட்டா. ஒவ்வொன்றும் தான் வந்த வழியைத் தன்னோடு கொண்டு வருகிறது.

ஆடம்பரம் வடமொழியில் ஒரு வகைப் பறையையும் அதன் பேரொலியையும் குறித்த சொல். ஆரவாரமான பேச்சையும் அது குறித்தது. ஆக, அது காதில் பிறந்த சொல். தமிழில் இன்று அது விலையைச் சார்ந்த சொல்லாகிவிட்டது. வரவுசெலவுத் திட்டத்தில் ‘ஆடம்பரப் பொருட்கள் மீதான வரி’ என்று வாசிக்கும்போது எவரும் பறையை நினைப்பதில்லை. விலை கூடிய பொருட்களை நினைக்கிறோம். மதில் எழுப்பி, கதவை அடைத்துக்கொண்டு, எவர் கண்ணிலும் படாமல் ஆடம்பரமாக வாழ இன்று ஒருவரால் முடியும்.

பகட்டு அப்படியன்று. அதற்கு ஒரு கண் வேண்டும். பகட்டுதல் என்ற வினைக்குப் பழைய அகராதிகள் மினுங்குதல் என்ற பொருளோடு, மயக்குதல், ஏய்த்தல் என்ற பொருள்களையும் தருகின்றன. பார்ப்பவர் ஒருவர் இல்லாத இடத்தில் பகட்டு இல்லை. இன்னுமொன்று, பகட்டுக்குப் பணம் கட்டாயமில்லை. இருபது ரூபாய் ஜிகினாத் தாளிலும் பகட்டு உண்டு. செல்வர் வீட்டில் ஆடம்பரம் இருந்தும் பகட்டு இல்லாமல் இருக்கலாம். ஏழை வீட்டில் ஆடம்பரத்துக்கு வழியே இல்லாதபோதும் பகட்டு இருக்கலாம். இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் எமது கதைகளில் பாதிக்கு மேல் திருத்தி எழுத வேண்டிவரும்.

படாடோபம் பாம்பிலிருந்து வந்தது. பாம்பு படம் விரித்து, உடம்பை ஊதிப் பெருப்பித்துக்கொண்டு நிற்பதை வடமொழியில் அப்படிச் சொன்னார்கள். படம் விரிக்கும் பாம்பு எம்மைத் தன்னழகால் மயக்க நினைப்பதில்லை, பயப்படுத்த நினைக்கிறது. ஆகவே எதிரில் நிற்பவரைச் சிறுக்க வைப்பதற்காகச் செய்யப்படும் காட்சிக்கே படாடோபம் என்ற சொல் பொருந்தும். அலுவலகத்துக்குப் போன ஒரு மீனவரை, மேசை நிறையக் கோப்புகளை அடுக்கி வைத்துக்கொண்டு, நிமிர்ந்தும் பாராமல் அரை மணித்தியாலம் நிற்க வைப்பவர் செய்வது படாடோபம். அங்கே மினுக்கமும் இல்லை, செலவும் இல்லை.

டாம்பீகம் என்பது ‘தம்பம்’ என்ற வடசொல்லின் வழி வந்தது. வஞ்சனை, பொய்வேடம், முக்கியமாகப் பக்தியின் பெயரால் போடும் வேடம் என்பவை அதன் பொருள்கள். இன்று தமிழில் டாம்பீகம் என்றால் தடபுடலான செலவு என்று மட்டுமே பலரும் விளங்கிக்கொள்கிறார்கள். வேடம் என்ற உட்கரு தேய்ந்து போயிற்று. இதை ஏன் குறிப்பிட்டுச் சொல்கிறேன் என்பது பின்னர் தெரியவரும்.

இவை ஏட்டுச் சொற்கள். வாய்ச் சொற்கள் இன்னும் நுட்பமானவை. பவிசு, மினுக்கு, தளுக்கு ஆகியவை பெரும்பாலும் பெண்களைப் பார்த்துச் சொல்லப்படுபவை. பந்தா, லெவல் என்பவை ஆண்களைப் பற்றியவை. ‘லெவல் அடிக்கிறார்’ என்று ஒருவரைப் பற்றிச் சொன்னால், அவர் தனக்கில்லாத ஓர் உயரத்தில் நிற்பதாகக் காட்டிக்கொள்கிறார் என்று பொருள். ‘ஷோ காட்டுகிறார்’ என்றால் உயரம் இருக்கலாம், ஆனால் அதைப் பார்க்கச் சொல்லி எங்களை வற்புறுத்துகிறார் என்று பொருள். பம்மாத்து என்றால் உள்ளே ஒன்றுமே இல்லை. இந்த மூன்றையும் எமது பாடசாலைப் பிள்ளைகள் ஒருபோதும் மாறிப் பயன்படுத்துவதில்லை. விளையாட்டு மைதானத்தில் சரியாகச் சொல்லும் பிள்ளை, கட்டுரைக் கொப்பியில் எல்லாவற்றையும் ‘ஆடம்பரம்’ என்று எழுதுகிறது. அப்படி எழுதப் பழக்கியவர்கள் ஆசிரியர்களும் எழுத்தாளர்களுமே.

சோக்கு என்ற சொல்லின் பயணம் விசித்திரமானது. அரபியில் ‘ஷவ்க்’ என்றால் வேட்கை, ஏக்கம். சூபிகள் இறைவன் மீதான தாகத்தைக் குறிக்க ஆண்ட சொல் அது. பாரசீகம், உருது வழியாகத் தமிழகத்துக்கு வந்து ‘ஷோக்குப் பேர்வழி’ ஆகி, உடுப்பு மினுக்கும் ஆணைக் குறித்தது. இலங்கையில் அது பழிப்பை உதறிவிட்டுப் பாராட்டாக மாறியது. ‘சோக்கான சாமான்’ என்றால் நல்ல சாமான், அவ்வளவுதான். ஒரே சொல் ஓரிடத்தில் தவமாகவும், ஓரிடத்தில் ஏளனமாகவும், இன்னோரிடத்தில் மெச்சுதலாகவும் வாழ்கிறது. சோடனையும் இத்தகையதே. எமது ஊர்களில் பந்தலையும் பெண்ணையும் சோடிப்பார்கள். தமிழகத்துப் பத்திரிகைகளில் பொலிஸார் வழக்கைச் சோடிப்பார்கள். அழகுபடுத்துவதும் பொய்யைக் கட்டுவதும் ஒரே வினைக்குள் இருக்கின்றன. எது எது என்று பிரித்தறிவது வாசகரின் காதில் இருக்கிறது.

இனி, முஸ்லிம் தமிழ் என்று நாம் உரிமையோடு சொல்லிக்கொள்ளும் வழக்கு இந்தச் சொற்குடும்பத்துக்கு என்ன கொடுத்தது என்று பார்ப்போம். இரண்டு பெரிய கொடைகளை நான் காண்கிறேன்.

முதலாவது முகஸ்துதி. பொதுத்தமிழில் முகஸ்துதி என்பது ஒருவரை அவர் முகத்துக்கு நேரே, தகுதிக்கு மிஞ்சிப் புகழ்வது. அமைச்சரைப் புகழ்கிறவர் முகஸ்துதி செய்கிறார். எமது வழக்கில் அது வேறு. ‘முகஸ்துதிக்காகத் தொழுகிறார்’, ‘முகஸ்துதிக்காக ஸதகா கொடுக்கிறார்’ என்று சொல்கிறோம். இங்கே புகழ்பவர் அவரல்லர். புகழை எதிர்பார்த்து நிற்பவர் அவர். புகழ் வெளியே போகும் திசையை எமது முன்னோர் உள்நோக்கித் திருப்பிவிட்டார்கள். ‘ரியா’ என்ற அரபுச் சொல்லுக்குத் தமிழ் தேவைப்பட்டது. ரியா என்பதன் வேர் ‘பார்த்தல்’. பிறர் பார்ப்பதற்காகச் செய்யும் நற்செயல் அது. பக்தி வேடத்தைக் குறித்த டம்பமும் டாம்பீகமும் அதற்குள் வெறும் செலவுச் சொற்களாகத் தேய்ந்துவிட்டதால் அவை உதவவில்லை போலும். முகஸ்துதியை எடுத்து, வளைத்து, அந்த இடத்தில் வைத்தார்கள். பொதுத்தமிழ் வாசகர் எமது நூல்களில் இச்சொல்லைக் கண்டு குழம்புவார். அந்தக் குழப்பத்தைப் பிழை என்று எண்ணி வெட்கப்படத் தேவையில்லை. தமிழ் கைநழுவவிட்ட ஒரு பொருளை எமது வழக்கு மீட்டு வைத்திருக்கிறது.

இரண்டாவது கொடை பாகுபாடு. அளவுக்கு மிஞ்சுவது இஸ்றாப். அதை வீண்விரயம் என்கிறோம். பொருளைத் தகாத வழியில் சிதறடிப்பது தப்தீர். பிறர் காண நற்செயல் புரிவது ரியா. தன்னைப் பெரிதாக எண்ணுவது கிப்ர். பேச்சுத் தமிழில் ‘பெருமை’. எண்ணிக்கையில் ஒருவரையொருவர் முந்தப் பார்ப்பது தகாஸுர். அதன் பெயராலேயே ஒரு சூறா இருக்கிறது. ஐந்தும் ஐந்து குற்றங்கள். ஐந்துக்கும் ‘ஆடம்பரம்’ என்ற ஒரே மொழிபெயர்ப்பைப் போட்டுவிட்டு நகர்வது எவ்வளவு பெரிய இழப்பு என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இங்கு இன்னுமொரு சொல் முக்கியமானது: ஸீனத், அதாவது அலங்காரம். தொழுமிடத்துக்கு அலங்காரத்தோடு வாருங்கள் என்று ஏவும் இடத்தில் (7:31) இச்சொல் வருகிறது. காரூன் தன் கூட்டத்தாரின் முன் பவனி வந்த கதையைச் சொல்லும் இடத்திலும் (28:79) இதே சொல் வருகிறது. அலங்காரம் ஒன்றுதான். ஒன்று வரவேற்கப்படுகிறது, மற்றது இழிக்கப்படுகிறது. வேறுபாடு எங்கே இருக்கிறது? காரூன் தன் மக்கள் ‘மீது’ வெளிப்பட்டான் என்று சொல்லத்தக்க ஒரு சிறு இடைச்சொல் அங்கே இருக்கிறது. குற்றம் துணியிலோ பொன்னிலோ இல்லை, அந்த இடைச்சொல்லில் இருக்கிறது. பார்த்தவர்களில் ஒரு சாரார் தமக்கும் அப்படிக் கிடைக்காதா என்று ஏங்கினார்கள் என்பதையும் அடுத்து வரும் சொற்கள் காட்டுகின்றன. பகட்டு முழுமையடைவது பார்ப்பவர் மனதிலேதான்.

நல்ல உடுப்பையும் நல்ல பாதணியையும் விரும்புவது பெருமையாகுமா என்று நபி (ஸல்) அவர்களிடம் கேட்கப்பட்டதையும் எல்லோரும் அறிவோம். இறைவன் அழகை விரும்புகிறான் என்றும், உண்மையை மறுப்பதும் மக்களை இழிவாக நோக்குவதுமே பெருமை என்றும் பதில் வந்தது. ஓர் இலக்கிய விமர்சகருக்கு இதைவிடத் தெளிவான வரைவிலக்கணம் கிடைக்காது.

இந்தப் பாகுபாட்டை வைத்துக்கொண்டு எமது எழுத்தைப் பரிசீலிப்போம்.

கல்யாணத்திலிருந்து தொடங்கலாம். கல்யாண ஆடம்பரத்தைக் கண்டிக்கும் எமது கதைகளும் கவிதைகளும் எதைக் காண்கின்றன? மின்குமிழ் மாலை, மணவறைச் சோடனை, வீடியோ, வாகன வரிசை, பெண்ணின் சாரி. இவை யாவும் கண்ணுக்குத் தெரிபவை. இதே கல்யாணத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது: கைக்கூலி. அது பூட்டிய அறைக்குள் எண்ணப்படுகிறது. அதில் மினுக்கமில்லை, பறையோசையில்லை, மின்குமிழ் இல்லை. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்திலேயே அச்சொல் இடம்பெற்றிருக்கும் அளவுக்கு அது எம்மிடையே ஊறிய வழக்கம். ஒரு தகப்பன் தோணியையும் வலையையும் விற்று அதைக் கொடுக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் வெகு எளிமையாக, பள்ளிவாசலில் காவின் எழுதி, பேரீச்சம்பழம் கொடுத்துக் கல்யாணத்தை முடிக்கிறார்கள். ‘ஆடம்பரமில்லாத முன்மாதிரித் திருமணம்’ என்று ஊர் மெச்சுகிறது; எழுத்தாளரும் மெச்சுகிறார்.

இங்கே ‘ஆடம்பரம்’ என்ற சொல் என்ன வேலை செய்திருக்கிறது? பார்வையைத் திருப்பிவிட்டிருக்கிறது. அந்தத் திருமணத்தில் ஆடம்பரம் இல்லைதான். ஆனால் எளிமை என்ற பெயரில் ஊரார் முன் காட்டப்பட்டது என்ன? எமது பழைய சொல்லைக் கொண்டு கேட்டால் விடை கிடைக்கும். அது முகஸ்துதி. எளிமையையும் காட்சிக்கு வைக்கலாம் என்பதை அறிந்த சொல் அது. ஆடம்பரம் என்ற சொல்லுக்கு அந்த அறிவு இல்லை.

மறுபக்கத்தில், கொட்டில் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் உம்மா ஒருத்தி சிறுகச் சிறுகச் சேர்த்த காசில் வாடகைக்கு எடுத்த ஜிகினாத் திரையைக் கட்டியிருப்பாள். பிளாஸ்டிக் பூ வைத்திருப்பாள். அதை ஒரு கவிஞர் ஆடம்பரம் என்று எழுதுகிறார். விலையைக் கணக்கிட்டால் அவருடைய நூல் வெளியீட்டு விழாவின் அழைப்பிதழ்ச் செலவுக்கும் அது காணாது. அந்தத் திரை கண்ணைக் கூசவைப்பது உண்மையாக இருக்கலாம். அது ரசனை பற்றிய பேச்சு. ரசனை பற்றிய பேச்சை ஒழுக்கம் பற்றிய தீர்ப்பாக மாற்றி எழுதும் உரிமையை எமக்கு யார் தந்தது?

இரண்டாவதாக, வெளிநாடு சென்று வந்த பெண். எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாகச் சென்றவர்களின் உழைப்பில் எழுந்த வீடுகள் எமது கரையோரத்தில் நிறைய உண்டு. எமது சிறுகதைகளில் அவள் அடிக்கடி வருகிறாள். வந்து இறங்கும்போது கைநிறைய வளையல், வாசனைத் தைலம், பளபளப்பான பெட்டி. வீட்டுச் சுவருக்கு ரோசா நிறம், கதவுக்குப் பச்சை நிறம். கதாசிரியர் ‘பகட்டு’ என்று எழுதுவார். கதையின் முடிவில் அவள் பணம் கரைந்து, புருஷன் கைவிட்டு, பாடம் படித்துக்கொள்வாள்.

அதே காலத்தில் சிலாபம் முதல் புத்தளம் வரையான கரையில் இறால் பண்ணைப் பணம் புரண்டது. சதுப்பு நிலம் வெட்டப்பட்டுக் குளங்களாயிற்று. களப்பின் கண்டல் காடுகள் அழிந்தன. 1996இல் வெண்புள்ளி நோய் பரவி இறால்கள் மடிந்தபோது பலர் கடனாளிகளாகினர். குளங்கள் பல கைவிடப்பட்டுக் கிடந்தன. அந்தப் பணத்திலும் வீடுகள் எழுந்தன, வாகனங்கள் வந்தன. அவற்றை எமது எழுத்து ‘முன்னேற்றம்’ என்றது. முதலாளியின் ‘முயற்சி’ என்றது. களப்பை அழித்த பணத்துக்கு முன்னேற்றம் என்ற சொல்லும், பிறர் வீட்டு அடுப்படியில் ஈராண்டு நின்று உழைத்த பணத்துக்குப் பகட்டு என்ற சொல்லும் எப்படிக் கிடைத்தன? சுவரின் நிறத்தைப் பார்த்தோம். பணத்தின் நிறத்தைப் பார்க்கவில்லை.

அந்த ரோசா நிறச் சுவரை அவள் யார் ‘மீது’ வெளிப்படுத்தினாள் என்று கேட்டுப் பாருங்கள். ஓலைக் கொட்டிலில் இருந்தபோது தன்னைப் பெயர் சொல்லி அழைக்கவும் கூசிய ஊருக்கு, தானும் இருக்கிறேன் என்று சொல்கிறாள். அதில் கொஞ்சம் ‘ஷோ’ இருக்கலாம். ஆனால் எவரையும் இழிவாக நோக்கும் நோக்கு அதில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்த கதை எத்தனை?

மூன்றாவது விடயம் எமது மாவட்டத்துக்கே உரியது. அதைச் சொல்லத் தயக்கமாக இருந்தாலும் சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு ஒக்டோபர் 30ஆம் திகதி கொடுக்கப்பட்டது இரண்டு மணித்தியால அவகாசம். வெளியேறும் வழியில் நகைகள் பறிக்கப்பட்டன. பெண்களின் காதுத் தோடுகளும் கழற்றி வாங்கப்பட்டன. மன்னார்த் தீவிலிருந்து பலர் படகுகளில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள். புத்தளம் மாவட்டம் அவர்களுக்கு இடம் கொடுத்தது, சோறு கொடுத்தது. இது வரலாறு, எமக்குப் பெருமை தரும் வரலாறு.

ஆனால் சில ஆண்டுகள் கழிந்து, முகாமில் வாழ்ந்த ஒரு ராத்தா நல்ல சாரி உடுத்துக் கல்யாண வீடொன்றுக்குப் போனால், ‘அகதிக்கு வந்த பவிசைப் பாருங்களேன்’ என்ற வார்த்தையும் இதே மண்ணில் எழுந்தது. அகதி என்றால் அழுக்குச் சட்டையோடுதான் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதற்குள் இருக்கிறது. அவள் தன் காதில் மீண்டும் ஒரு தோட்டைப் போட்டுக்கொண்டது, பறித்தவர்களுக்கும் காலத்துக்கும் சொன்ன ஒரு பதில். அதைப் பவிசு என்று சொன்ன வாய், தனக்குத் தெரியாமலே, கழற்றி வாங்கியவர்களின் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. ஒரு சொல்லால் இவ்வளவு தூரம் போகமுடியும். இடம்பெயர்வு பற்றி எமது கரையில் கதைகளும் கவிதைகளும் எழுதப்பட்டிருக்கின்றன. இந்த ‘பவிசு’ என்ற சொல்லின் கதையை எழுதுவதற்கு இன்னும் இடமிருக்கிறது. இரு தரப்பாரும் கலந்து, கொண்டும் கொடுத்தும் உறவாகிவிட்ட இக்காலத்தில் அதை எழுதலாம், எழுதவேண்டும்.

அப்படியானால் மினுக்கம் எல்லாம் நல்லதுதானா, எழுத்தாளர் எதையும் கண்டிக்கக் கூடாதா என்று கேட்கப்படலாம். அப்படியில்லை. எமது பழைய இலக்கியமே இதற்கு ஓர் அளவுகோல் தருகிறது. சீறாப்புராணத்தில் கதீஜா நாயகியாரின் திருமணத்தை உமறுப்புலவர் பாடும்போது நகரம் அலங்கரிக்கப்படுகிறது. வீதியில் பவனி வருகிறது. மாதர் கண்டு வியக்கின்றனர். பொன்னும் மணியும் கொட்டிக் கிடக்கின்றன. வரலாற்று நூல்களில் இல்லாத செழிப்பு அது. தமிழ்க் காப்பிய மரபு கொடுத்த செழிப்பு. இதைப் பகட்டு என்று சொல்லும் சிலரும் இன்று எம்மிடையே உண்டு. நான் அவர்களோடு உடன்படமாட்டேன். அந்த அலங்காரத்தைப் புலவர் தன்மீது சூட்டிக்கொள்ளவில்லை; தான் நேசித்தவர் மீது சூட்டினார். அந்த வீதியில் எவரும் சிறுமைப்படுவதில்லை. பார்க்கும் ஊரே அந்தக் கல்யாணத்தின் பங்காளி. அழகு எல்லோருக்கும் பொதுவாகப் பரிமாறப்படும்போது அது விருந்து. ஒருவர் உண்ண மற்றவர் பார்த்து நிற்கவேண்டும் என்று ஏற்பாடு செய்யப்படும்போதுதான் அது பகட்டாகிறது.

இந்த அளவுகோலை எமது சொந்த இலக்கிய முற்றத்துக்கும் கொண்டு வருவோம். கண்டனம் அங்கே தொடங்குவதுதான் நியாயம்.

எமது நூல் வெளியீட்டு விழாக்களில் நூலைப் பற்றிப் பேசும் நேரம் எவ்வளவு, பொன்னாடை போர்த்தும் நேரம் எவ்வளவு? முதற்பிரதி பெறுபவர், சிறப்புப் பிரதி பெறுபவர்கள் என்று ஒரு பட்டியல். அவர்கள் ஒவ்வொருவராக மேடையேறிப் புகைப்படத்துக்கு நிற்க, நூலாசிரியர் வியர்வையோடு சிரித்துக்கொண்டிருப்பார். பின்வரிசையில் இருக்கும் வாசகர், காசு கொடுத்து நூலை வாங்க வந்தவர், இந்தப் பவனியைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கென்றே அழைக்கப்பட்டவர் போல் ஆகிவிடுகிறார். பெயருக்கு முன்னால் ஐந்து பட்டங்கள். கொடுத்தவர் யார், எதற்குக் கொடுத்தார் என்று எவரும் கேட்பதில்லை. கல்யாண வீட்டு மின்குமிழைப் பாடிய அதே கவிஞர் இதை ‘இலக்கியப் பெருவிழா’ என்று பாடுகிறார்.

எழுத்துக்குள்ளும் இதே நோய்தான். ஒரு சாரார் வாழ்த்துரை நடையில் எழுதுகிறார்கள். நிலவும் தென்றலும் வானவில்லும் ஒரே வாக்கியத்தில் வரிசையாக நிற்கும். எழுவாய் எங்கே என்று தேடவேண்டும். இது பகட்டு, வாடகை ஜிகினாத் திரை. ஆனால் அந்த உம்மாவின் திரைக்குப் பின்னால் ஒரு மணப்பெண் இருந்தாள். இந்தத் திரைக்குப் பின்னால் எவரும் இல்லை.

இன்னொரு சாரார் படாடோபக்காரர். தொண்ணூறுகளுக்குப் பின் பின்நவீனத்துவம், அமைப்பியல் என்று வந்த பெயர்களையெல்லாம் ஒரே பந்தியில் அடுக்குவார்கள். இன்னும் சிலர், விளக்கமில்லாமல் அரபுக் கலைச்சொற்களைக் கொட்டுவார்கள். கருத்துக்காக அவற்றை எடுத்தாள்பவர்களை நான் சொல்லவில்லை. அவர்கள் வாசகரைக் கைபிடித்து அழைத்துச் செல்கிறார்கள். படம் விரிப்பவர்களைச் சொல்கிறேன். அரபுத்தமிழில் மார்க்க நூல்கள் எழுதிய எமது முன்னோருக்கு இவர்களைவிட அரபு தெரிந்திருந்தது. இருந்தும் வீட்டிலிருந்த பெண்களுக்கு விளங்கவேண்டும் என்ற கவலை அவர்களுக்கு இருந்தது. அறிவு தலையைக் குனிந்து கதவுக்குள் நுழைந்த காலம் அது.

இனி என்ன செய்யலாம்? ஆசிரிய கலாசாலையில் சொல்லித்தந்த ஒரு முறை எழுத்தாளருக்கும் பயன்படும். சொல்லை வாக்கியத்தில் வைத்துக் கற்பி என்பார்கள். ‘ஆடம்பரம்’ என்று எழுதக் கை போகும்போது, அந்தப் பெயர்ச்சொல்லை நிறுத்திவிட்டு ஒரு வினைச்சொல்லை வைத்துப் பார்க்கலாம். யார், யாருக்கு, எதைக் காட்டினார்? பார்த்தவருக்கு என்ன நேர்ந்தது? செலவானது யாருடைய பணம்? இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதினால் சரியான சொல் தானாகவே வந்து நிற்கும். சில வேளை அது பகட்டாக இருக்கும், சில வேளை முகஸ்துதி, சில வேளை வீண்விரயம். சில வேளை அது வெறும் சந்தோஷமாக இருக்கும். ஏழைகளின் சந்தோஷம் கொஞ்சம் மினுங்கத்தான் செய்யும்.

கூடவே ஒரு வேலையும் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924க்கும் 1936க்கும் இடையில் ஆறு தொகுதிகளாக வந்தது. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 2008இல் வந்த இரண்டாம் பதிப்பில் இலங்கை வழக்குகளை அடையாளமிட்டுச் சேர்த்துக்கொண்டது. முகஸ்துதிக்கு எமது பொருளையும், சோக்குக்கு எமது மெச்சுதலையும், கைக்கூலிக்கு எமது வேதனையையும், அவை வழங்கும் வாக்கியங்களோடு ஊர் ஊராகத் திரட்டி வைப்பது எமது கடமை. கற்பிட்டியில் ஒரு பொருளும் காத்தான்குடியில் வேறொரு பொருளும் இருக்கக்கூடும். இரண்டையும் எழுதிவைக்க வேண்டும். பாடசாலைப் பிள்ளைகளிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, வீட்டில் பெரியம்மாவும் மூத்தாப்பாவும் பேசுவதைக் கேட்டு எழுதிவரச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அதுவரைக்கும் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளலாம். அடுத்த கல்யாணக் கதையை எழுதும் நண்பர், பந்தலில் தொங்கும் மின்குமிழ்களை எண்ணி முடித்த பின், பூட்டிய அறைக்குள்ளும் ஒரு தடவை எட்டிப் பார்க்கட்டும். அங்கே ஒரு தகப்பன் காசை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அவர் கையிலுள்ள நோட்டுகள் மினுங்குவதில்லை.